பன்னிரண்டாவது பாட்டில்

வாங்க சார், இப்பிடி உக்காருங்க. தேனிக்குத்தானே? அஞ்சு நாப்பது இப்பத்தான் போச்சு. அடுத்தது நம்ம வண்டி, ஆறு பத்து. நாந்தான் அதுக்கு டைம் கீப்பர், பதறாம உக்காருங்க. டீ சொல்லவா? வேணாமா? வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்களா? ஓ, டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கப் போறீங்களா. என்ன பண்ணுது உடம்புக்கு?

ஒண்ணும் பண்ணலையா?

ஒண்ணும் பண்ணாமலேயேவா சார் ஆஸ்பத்திரிக்குப் போறீங்க! நாப்பத்தஞ்சு வயசாச்சு, வருசத்துக்கு ஒருக்கா பாத்துக்கிறது நல்லதுன்னு சம்சாரம் சொன்னாங்களாக்கும். நல்லாச் சொன்னாங்க போங்க. ஓடிக்கிட்டிருக்கிற எஞ்சினைப் போயி எவனாச்சும் பிரிப்பானா? பிரிச்சா, திரும்பப் பூட்டும்போது ரெண்டு போல்ட்டு மிச்சம் கெடக்கும். இருபத்தாறு வருசம் ஸ்டியரிங் புடிச்சவன் சொல்றேன், கேட்டுக்கங்க. நானும் உங்களை மாதிரி ஒண்ணும் இல்லாமத்தான் இருந்தேன். ஒரு கேம்ப்பு போட்டாய்ங்க, ஒரு டாக்டரம்மா வந்துச்சு, அம்புட்டும் வந்து சேந்துருச்சு.

என்னது, பஸ்ஸுக்கு நாங்க ஆயில் மாத்துறதில்லையாவா? அது எப்பிடி சார் மாத்தாம? ஆயில், பிரேக்கு, பெல்ட்டு எல்லாத்துக்கும் நாள் குறிச்சு வச்சுப் பாப்போம். பாக்கலைன்னா நடுரோட்டுல நின்னுரும்ல. அது வேற சார். அது மெசினு. நான் மனுச உடம்பச் சொல்றேன்.

எம் பேரு ஒச்சப்பன். பொன்னழகி டிரான்ஸ்போர்ட்டுன்னு பாத்திருப்பீங்க, மஞ்சக் கலரு வண்டி. எங்க முதலாளிக்கு ஒரு பழக்கம். அவுக அப்பா தெவசத்தன்னைக்கு, நாப்பது வயசு தாண்டின டிரைவருக்கெல்லாம் வருசா வருசம் உடம்பு பாக்கணும். மத்த முதலாளியெல்லாம் தெவசம்னா சோறு போடுவாங்க, வேட்டி குடுப்பாங்க. எங்காளு மட்டும் மூத்திரத்தப் புடிச்சுக் குடுன்னுவாரு. நாங்க வாங்கி வந்த வரம் அப்பிடி.

ஷெட்டுல ரெண்டு மேசையப் போட்டு, எடை பாப்பாங்க, பிரஷர் பாப்பாங்க, கண்ணு பாப்பாங்க, ஆளுக்கொரு சின்ன பாட்டிலும் குடுப்பாங்க. பாட்டில்ல சர்க்கரை தெரிஞ்சுச்சுன்னா ஸ்டியரிங்குல இருந்து எறக்கிருவாங்க. எறக்கினவனுக்கு வண்டி கழுவுற வேலை. மொதல்ல எறங்கினவன் காமாட்சி. ஆள் ஆறடி இருப்பான், குமுளி மலையில ஒத்தக் கையால வண்டியத் திருப்புவான். அவன் கையில பிரஷ்ஷக் குடுத்துட்டாங்க. மறுநாள் நான் ஓட்டப் போற வண்டி டயரு பக்கத்துல குத்தவச்சு சேறு கழுவிக்கிட்டிருந்தான். என்னைய நிமிந்து பாக்கல சார். அன்னைக்கே நாங்க எல்லாரும் கூடிப் பேசுனோம்.

கண்ணு சமாச்சாரம் லேசு. அந்த அட்டையில இருக்கிற எழுத்த எல்லாத்துக்கும் மனப்பாடம் பண்ணி விட்டுட்டேன். ஒருத்தன் ஆர்வக்கோளாறுல, அட்டைய ஆணியில மாட்டுறதுக்கு முந்தியே கடைசி வரி வரைக்கும் ஒப்பிச்சுட்டான். அப்ப இருந்த டாக்டரு வயசானவரு. 'பார்வை நல்லாருக்கு'ன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. தங்கமான மனுசன் சார். எதையும் தலையத் தூக்கிப் பாக்க மாட்டாரு.

பாட்டிலுக்கு என்ன பண்றது? அதுக்குத்தான் தெய்வேந்திரன்.

தெய்வேந்திரன் எங்களோட வண்டி ஓட்டினவன். என்னைய விட ஏழு வயசு சின்னவன், அண்ணேன்னுதான் கூப்புடுவான். பீடி கெடையாது, தண்ணி கெடையாது, டீ கூடக் கெடையாது. காலையில கேப்பங்கூழக் குடிச்சுட்டு வண்டியில ஏறுவான். பொய்யும் வராது. வண்டி ஏன் லேட்டுன்னு முதலாளி கேட்டா, டயரு பஞ்சருன்னு நாங்க சொல்லுவோம். இவன் 'அசந்து தூங்கிட்டேங்க'ன்னுவான். இப்பிடி ஒரு சுத்தமான ஆளைக் கூடவே வச்சுக்கிட்டு நாம எதுக்குப் பயப்படணும்னு எனக்குத்தான் தோணுச்சு. பெருமைக்குச் சொல்லல, யோசனை என்னுதுதான்.

மொதல்ல அவன் ஒத்துக்கல. "இது பொய்யில்லையாண்ணே"ன்னான். "உன்னைய யாருடா பொய் சொல்லச் சொன்னது? ஒண்ணுக்குத்தானடா போகச் சொல்றோம்"னேன். பாட்டில வாங்கிக்கிட்டான்.

அதுல இருந்து கேம்ப்பன்னைக்கு அவன்தான் சார் மாப்பிள்ளை. விடியறதுக்குள்ள நாலு எளநி, ஒரு சொம்பு மோரு, போதாததுக்குத் தண்ணி. ஒருத்தன் விசிறி விடுவான், ஒருத்தன் "வருதா, வருதா"ன்னு கேட்டுக்கிட்டே நிப்பான். மொத பாட்டிலு அவனுக்கு, மிச்சம் பதினொண்ணு எங்களுக்கு. ஏழு வருசம் சார்! ஏழு வருசமும் பன்னெண்டு பேருக்கும் குறையில்லைன்னு ரிப்போர்ட்டு. முதலாளி எங்களை வரிசையா நிக்க வச்சு, "எங்கப்பா ஆசீர்வாதம்"னு கண்ணு கலங்குவாரு. எங்களுக்கும் கலங்கும்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி பழைய டாக்டரு ஓய்வெடுத்துக்கிட்டாரு. புதுசா ரெஜினான்னு ஒரு டாக்டரம்மா, தேனியில தனி ஆஸ்பத்திரி வச்சிருக்கு. சின்ன வயசு. வந்ததும் கண்ணு பாக்குற அட்டையத் தலைகீழாத் திருப்பி மாட்டுச்சு. அப்பவே எனக்குப் பிடிக்கல.

அன்னைக்குன்னு பாத்து தெய்வேந்திரன் சரியா ஒத்துழைக்கல. "முன்ன மாதிரி வரலைண்ணே"ன்னான். எளநிய இன்னொண்ணு வெட்டுன்னேன். "ஒரே நுரையா வருதுண்ணே, கொஞ்ச நாளாவே இப்பிடித்தான்"னான். வேகமாப் போனா நுரைக்கத்தாண்டா செய்யும், புடிடான்னேன். வெளிய பேரக் கூப்புட ஆரம்பிச்சுட்டாங்க, அவசரத்துல எங்க பாட்டிலு பதினொண்ணையும் மொதல்ல ரொப்பிட்டான். அவன் பாட்டிலு வந்தப்ப சொட்டு இல்ல. ஆளு முழிக்கிறான். ஊருக்கெல்லாம் குடுத்தவன் வெறும் பாட்டிலோட நிக்கிறதா? எனக்கு மனசு கேக்கல. "கொண்டாடா"ன்னு வாங்கி, மறைவாப் போயி என்னுதக் குடுத்தேன். தம்பிக்கு அண்ணன் குடுக்காம யாரு சார் குடுப்பா?

எனக்குச் சர்க்கரை இருக்குன்னு அப்ப எனக்கு எப்பிடி சார் தெரியும்? ஏழு வருசமா என் ரிப்போர்ட்டு சுத்தமால்ல இருந்துச்சு!

மூணாவது நாள் டாக்டரம்மா திரும்ப ஷெட்டுக்கு வந்துச்சு, நர்சோட. முதலாளிய வீட்டுலயே உக்காத்தி வச்சுட்டு எங்களை மட்டும் கூப்புட்டுச்சு. தெய்வேந்திரன் அப்பக் குமுளி டிரிப்புல இருந்தான். நாங்க பதினோரு பேரும் நிக்கிறோம். அந்தம்மா காகிதத்தப் பாக்குது, எங்களைப் பாக்குது. "பதினோரு பேருக்கும் சிறுநீர்ல புரதம் போகுது, எல்லாத்துக்கும் ஒரே அளவு. இந்தக் கம்பெனியில பதினோரு டிரைவருக்கும் சேத்து ஒரே கிட்னியா?"ன்னு கேட்டுச்சு. எங்க ஊருல அத உப்பு எறங்குதுன்னுவோம். ஒருத்தன் சிரிச்சுட்டான். நான் மொறைச்சேன்.

அப்பறம் அந்தம்மா கொரலத் தணிச்சுக்கிருச்சு. "முதலாளிகிட்டச் சொல்ல மாட்டேன். யாரு வேலையும் போகாது. இது யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க. அந்தாளுக்குக் கிட்னி பழுதாகிக்கிட்டிருக்கு, அவருக்கே தெரியாது. இன்னைக்குப் புடிச்சா மாத்திரையில நிறுத்தப் பாக்கலாம்."

சொல்லுவோமா சார் நாங்க? பதினோரு பேருல ஒருத்தன் வாயத் தொறக்கல. ஒருத்தன் லேசா இருமுனான், அவன் காலை மிதிச்சேன். கூடப் பொழைக்கிறவனைக் காட்டிக் குடுக்கிற ஆளுங்களா நாங்க? அந்தம்மா எல்லாத்து மூஞ்சியையும் ஒரு சுத்து பாத்துச்சு. கண்ணுல தண்ணியே வந்துருச்சு அதுக்கு. எங்க ஒத்துமையப் பாத்து மெரண்டு போச்சுன்னு நெனச்சேன்.

பேச்சில்லைன்ன ஒடனே பதினோரு பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லிருச்சு. வசமா மாட்டிக்கிட்டோம். பதினோரு பேருக்கும் கிட்னி நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு பேருக்குப் பிரஷர், மாத்திரை குடுத்துச்சு. எனக்குச் சர்க்கரை முந்நூத்தி நாப்பது! கண்ணுக்குள்ளயும் லைட்டு அடிச்சுப் பாத்துச்சு. தெய்வேந்திரன் பாட்டில்ல சர்க்கரை தெரிஞ்சதால, மறுநாள் நர்சு வந்து அவன் விரல்ல குத்திப் பாத்துச்சு. அவனுக்கு நூறு கூட இல்ல. "ஏதோ தப்பு நடந்திருக்கு, உங்களுக்குச் சுகர் இல்ல"ன்னு நர்சு சொல்லிருச்சு. அவன் சந்தோசமா வண்டி எடுக்கப் போயிட்டான். கெட்டது இருந்தவன் கும்புட்டுட்டுப் போறான், நான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன். எங்கயாச்சும் அடுக்குமா இது?

டாக்டரம்மாவுக்குப் புத்தி ஓடிருச்சு, மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தானே. என்னையத் தனியாக் கூப்புட்டு, "பன்னெண்டாவது பாட்டிலு உங்களோடதுதானே?"ன்னுச்சு. கருப்பசாமி மேல சத்தியம் பண்ணி இல்லைன்னேன். மனசுக்குள்ள கருப்பசாமிகிட்ட மன்னிப்பும் கேட்டுக்கிட்டேன், அதுல நான் குறை வைக்கல. அந்தம்மா பேனாவ எடுத்துச்சு. ஒரு கவருல சீட்டெழுதிப் போட்டு, ஒட்டி, மேல தெய்வேந்திரன்னு பேரெழுதி என் கையில குடுத்துச்சு. "இத அவரு வண்டி வந்ததும் குடுங்க. ஒரு வாரத்துக்குள்ள என்னைய வந்து பாக்கணும். மறக்காதீங்க, உங்களை நம்பித்தான் குடுக்குறேன்."

என்னைய நம்பிக் குடுத்துச்சு. நம்பி எனக்கு என்ன செஞ்சுச்சு தெரியுமா? அன்னைக்கு சாயங்காலமே முதலாளிகிட்டப் போயி, ஒச்சப்பன் ஆறு மாசத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, கண்ணு நரம்புல ரத்தம் கசியுதுன்னு சொல்லிருச்சு. இருபத்தாறு வருசம் சார்! ஒரு பொம்பளப் புள்ள, ஒரே வார்த்தையில ஸ்டியரிங்கப் புடுங்கிருச்சு. இருபத்தாறு வருசத்துல நான் ஒரு கோழிய அடிச்சதில்ல. முதலாளி நல்லவரு, பிரஷ்ஷக் குடுக்காம, டைம் கீப்பராக்கி இந்த விசிலக் குடுத்தாரு. அன்னைக்கு வீட்டுக்குப் போயி அழுதேன் சார். சொல்றதுக்கு என்ன வெக்கம்.

ஆமா, மாத்திரை போட்டேன். போடாம விடுவாளா எம் பொண்டாட்டி? நடக்கச் சொன்னா, நடந்தேன். சோத்தக் குறைச்சா. கண்ணுக்கு லேசருன்னு ஏதோ வெளிச்சம் வச்சாங்க, இப்ப அந்தா வர்ற வண்டி நம்பர இங்கிருந்தே சொல்லுவேன். கால்ல ஒரு புண்ணு வருசக்கணக்கா ஆறாம கெடந்துச்சு, அதுவும் ஆறிப்போச்சு. சர்க்கரை இப்ப நூத்திப்பத்து. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்ன சொல்லி என்ன, அந்தம்மா என் வாழ்க்கையக் கெடுத்துருச்சு.

அப்ப ஆறு மாசம் கழிச்சு அந்தம்மாகிட்டப் போயி கையெழுத்து வாங்கி மறுபடி ஓட்ட வேண்டியதுதானேங்குறீங்க. அதத்தான் முதலாளியும் கேக்குறாரு. ஊருல எல்லாரும் கேக்குறாய்ங்க. போகலாம். போனா அந்தம்மா மொதல்ல என்ன கேக்கும்? "தெய்வேந்திரன் எங்க?"ன்னு கேக்கும்.

கவர நான் குடுக்கல சார்.

குடுக்கக் கூடாதுன்னு இல்ல. சட்டைப் பையிலதான் இருந்துச்சு. அன்னைக்கு அவன் வண்டிய விட்டு எறங்கி வந்து, "உங்களுக்கா அண்ணே இப்பிடி"ன்னு என் கையப் புடிச்சு அழுகுறான். அப்பக் குடுக்க முடியுமா? மறுநாள் யோசிச்சேன். இதக் குடுத்தா அவன் போவான். போனா அந்தம்மா கேக்கும், இவன் ஏழு வருசக் கதையவும் சொல்லிருவான். பதினோரு பேரு ஸ்டியரிங்கு போயிரும். முதலாளிகிட்டச் சொல்ல மாட்டேன்னுதான் அந்தம்மா சொல்லுச்சு. அப்பிடித்தான் சார் எல்லாரும் சொல்லுவாங்க. இன்னைக்கு வரைக்கும் சொல்லலதான். சொல்லியிருந்தா?

பத்து நாள் கழிச்சு போன் வந்துச்சு. "குடுத்தீங்களா?" "குடுத்துட்டேன்மா." "அவரு வரலையே?" "அவன் கேக்க மாட்டேங்குறான்மா, எனக்கு ஒண்ணும் இல்லைங்குறான்."  "திரும்பச் சொல்லுங்க"ன்னு வச்சுருச்சு. வேற எவனாச்சும் இருந்தா ஒளறியிருப்பான். பதினோரு குடும்பத்த அன்னைக்கு நான் ஒரு ஆளாத் தாங்குனேன் சார்.

அவனும் நல்லாத்தான் இருந்தான். ஒன்றரை வருசம் ஓட்டுனான். அடுத்த வருசக் கேம்ப்பன்னைக்கு அவன் குமுளி டிரிப்புல மாட்டிக்கிட்டான், வரல. நடுவுல கொஞ்சம் மூஞ்சி பளபளன்னு ஊதுச்சு. சதை போட்டுட்டானேன்னு நானே சொன்னேன், கண்ணு வைக்காதீங்கண்ணேன்னு சிரிச்சான். அப்பறம் காலு வீங்கி செருப்பு நொழையல. பெரிய செருப்பா வாங்குடான்னேன். ஒரு நாள் சின்னமனூர் ஸ்டாப்புல வண்டிய ஓரங்கட்டி நிறுத்தி, பிரேக்கப் போட்டுட்டு, எறங்கி வாந்தி எடுத்து அப்பிடியே சாஞ்சுட்டான். அப்பக்கூட வண்டிய ஒழுங்கா நிறுத்தியிருக்கான் பாருங்க. பெரியாஸ்பத்திரியில ரெண்டு கிட்னியும் போச்சுன்னுட்டாங்க.

இப்ப செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் சுத்தம் பண்ணப் போறான். இதே ஆறு பத்துலதான். இன்னைக்குச் செவ்வாக்கிழமை. அவன் வர லேட்டானா வண்டிய நான் நிறுத்தி வைப்பேன். அஞ்சு நிமிசமானாலும் வைப்பேன். பின்னாடி வண்டிக்காரன் கத்துவான், கத்திட்டுப் போறான். "உங்களுக்குப் பெரிய மனசுண்ணே"ம்பான் தெய்வேந்திரன். அந்தப் பேச்சக் கேட்டா எனக்கு அன்னைக்குப் பூராம் சோறு எறங்காது சார்.

பெரியாஸ்பத்திரியில கேட்டிருக்காங்க, இதுக்கு முந்தி உடம்பு பாத்ததே இல்லையான்னு. "வருசா வருசம் பாத்தேங்க, ஒண்ணும் இல்லைன்னுதான் வந்துச்சு"ன்னு சொல்லியிருக்கான். போன வெள்ளிக்கிழமை என்கிட்டயே கேக்குறான். "அந்தக் கேம்ப்புல என் பாட்டில்ல இருந்தது உங்களோடது. அப்ப என்னோடது உங்க எல்லாத்துகிட்டயும் இருந்துச்சுல்ல? அதுல என்ன இருந்துச்சுண்ணே? யாருமே எனக்குச் சொல்லலையே?" நான் ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன். அவன் "சரிண்ணே, செவ்வாக்கிழமை ஊசி முடிஞ்சதும் அந்த ரெஜினா டாக்டரையே போயிப் பாத்துக் கேட்டுக்கிறேன்"னான்.

இன்னைக்குத்தான் சார் அந்தச் செவ்வாக்கிழமை.

இந்தாங்க. இதுதான் அந்தக் கவரு. நனையாம, கசங்காம வச்சிருக்கேன், பாருங்க, ஒட்டுனது கூடப் பிரியல. நீங்க அதே வண்டியிலதானே போறீங்க, அவன் பக்கத்துல உக்காருங்க. சின்னமனூர் தாண்டினதுக்கப்பறம் குடுங்க, இங்க வச்சுக் குடுத்துறாதீங்க. டைம் ஆபீஸ் பெஞ்சுக்கு அடியில கெடந்துச்சுன்னு சொல்லுங்க. அந்தம்மா சொல்லி அவன் தெரிஞ்சுக்கிறதுக்கு, நீங்க குடுத்துத் தெரிஞ்சா கொஞ்சம் தேவலாம்ல. ஏன் சார் கைய இழுத்துக்கிறீங்க? நீங்களே குடுங்கன்னா? நான் குடுத்தா அவன் என்னைய அடிக்க மாட்டான் சார், வைய மாட்டான். அண்ணேன்னுதான் கூப்புடுவான். அதுக்குத்தான் எனக்குப் பயமா இருக்கு.

அந்தா வர்றான். வெறுங்காலோட, மெதுவா. கவரக் கவுத்துப் பெஞ்சு மேல வச்சுட்டேன், ஒண்ணும் பேசாதீங்க.

வாடா தம்பி. நேரம் இருக்கு, மெல்ல வா. போட்டுட்டேண்டா, மாத்திரை எந்திரிச்சதுமே போட்டுட்டேன். சாப்பாட்டுக்கு முந்திதான் போட்டேன். ஆமாடா, நடந்தேன். முக்கா மணி நேரம் நடந்தேன். நீ ஏறி மொத சீட்டுல உக்காரு, டிரைவர்கிட்டச் சொல்லிட்டேன்.

பாத்தீங்களா சார்? வந்ததும் வராததுமா இதத்தான் கேக்குறான். செவ்வாயும் வெள்ளியும் இதத்தான் கேக்குறான்.

ஏறுங்க சார், மணி ஆயிருச்சு. அந்தக் கவரு பெஞ்சு மேலயே இருக்கட்டும், நான் எடுத்துக்கிறேன். இன்னைக்கு வேணாம், பாவம், ஊசி குத்துற நாளு. வெள்ளிக்கிழமை நானே என் கையால குடுத்துர்றேன். வெள்ளிக்கிழமை இங்க வருவான்ல சார்?